ஏழாம் நம்பர் பாட்டில்

கணவர் இறந்த மூன்றாம் மாதம் அவருடைய வேலை அவளுக்கு வந்தது. வேலையோடு அவருடைய ரப்பர் பூட்ஸும் வந்தது. அவள் காலுக்கு இரண்டு அளவு பெரியது. நுனியில் பழைய துணியைத் திணித்துக்கொண்டு நடந்தாள்.

அதற்கு முன் பதினான்கு வருடம், ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் சட்டைகளைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவள். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை. காலரில் நூல் பிசிறு நிற்கிறதா, பொத்தான் ஒன்று கீழே இறங்கியிருக்கிறதா, இரண்டு கையும் ஒரே நீளமா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். அங்கே அவளுக்குக் கழுகு என்று பட்டப்பெயர். தொழிற்சாலையை மூடியபோது அவர் சொன்னார்: "நல்லதாப் போச்சு. இனிமே என் சட்டையை மட்டும் பாரு, போதும்." அவளும் பார்த்தாள். சட்டையை மட்டும்தான் பார்த்திருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

வேலை கேட்பதற்குச் சின்னது. நகரத்தில் ஒன்பது இடங்களில் தண்ணீர் எடுத்து, நகராட்சியின் பரிசோதனைக் கூடத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒன்றாம் நம்பர், கல்லூரி வளாகத்துக் குளம். "பரீட்சை முடிஞ்ச மறுநாள் போனா குளம் பூரா நோட்டுப் புத்தகம்தான் மிதக்கும்" என்று அவர் சொல்வார். இரண்டும் மூன்றும் பெரிய பூங்காவின் ஏரி. நான்கிலிருந்து ஒன்பது வரை, ஊரின் நடுவே ஓடும் கால்வாய். ஓடும் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. செவ்வாய்க்கிழமைதோறும் ஜீப்பில் கிளம்பி, ஒன்பது பாட்டிலையும் நிரப்பி, மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

ஏழாம் நம்பர், பழைய இரும்புப் பாலத்தின் அடியில். பாலத்தின் ஓரத்திலிருந்து முப்பத்திரண்டு கல் படிகள் இறங்கினால் தண்ணீர். மற்ற எட்டு இடங்களிலும் கரையோரம் குனிந்தால் போதும், படி கிடையாது. நகரமே பெருமைப்பட்டுக்கொண்டிருந்த இடம் இந்த ஏழுதான். இரண்டரை வருடங்களுக்கு முன் பூங்காத் துறை அங்கே நாணல் வளர்த்தது. நாணலின் வேர் அழுக்கை உறிஞ்சி நீரைச் சுத்தமாக்கும் என்றார்கள். கரையில் நடைபாதை போட்டு, பெஞ்சு வைத்து, மரக்கன்று நட்டார்கள். நட்ட சில மாதங்களிலேயே தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஏறத் தொடங்கியது. அரைக்கும் முக்காலுக்கும் நடுவே கிடந்தது ஒரே மாதத்தில் இரண்டே முக்காலைத் தாண்டியது. அப்புறம் மூன்று, மூன்றரை. கடைசியாக அவர் எடுத்துக்கொண்டு வந்த பாட்டிலில் நாலு புள்ளி மூன்று. நாலுக்கு மேல் இருந்தால் மீன் பிழைக்கும். ஐயாயிரம் மீன் குஞ்சுகளை விடுவதற்கு நாள் குறித்தாயிற்று.

முதல் செவ்வாய்க்கு முன்னால், கூடத்தின் கெமிஸ்ட் அவளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அறுபதை நெருங்கும் பெண்மணி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பாட்டிலைத் தண்ணிக்குள்ள முக்கி, உள்ளேயே நிரப்பி, உள்ளேயே மூடணும். ஒரு குமிழி உள்ள போச்சுன்னா அவ்வளவுதான், கொட்டிட்டு மறுபடி எடு. வெளிக்காத்து கலந்தா நம்பர் பொய் சொல்லும். புரியுதா?"

"தெரியும் மேடம். அவர் சொல்வார்."

உண்மையாகவே சொல்வார். சாப்பிட உட்கார்ந்தால் தண்ணீர்க் குவளையைத் தூக்கிக் காட்டி, "இதை உசரத்துலேர்ந்து ஊத்தினா ஆக்சிஜன் ஏறும், பாரு" என்று ஊற்றி மேசையெல்லாம் நனைப்பார். "ஆபீசை ஆபீசுலேயே விட்டுட்டு வாங்க" என்று அவள் துணியை எடுத்து வீசுவாள்.

பாட்டில் நிரம்பியதும் அங்கேயே இரண்டு மருந்துகளைச் சொட்டுவிட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் உள்ளே பழுப்பாக மேகம் கட்டும். இல்லாவிட்டால் வெள்ளையாகத் திரியும். அவர் கைப்பட எழுதிய குறிப்பேடு ஒன்று வீட்டில் இருந்தது. அதில் ஏழாம் நம்பருக்கு நேராகக் கடைசி சில மாதங்கள் 'தேன் நிறம்' என்று எழுதியிருந்தது. அவள் முதல் செவ்வாய்க்கிழமை முப்பத்திரண்டு படி இறங்கி, கடைசிப் படியில் குந்தி, நாணலுக்குப் பக்கத்தில் பாட்டிலை முக்கி மூடி, மருந்து விட்டுத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். வெள்ளை. கெட்டுப்போன பாலைப் போலத் திரிதிரியாக வெள்ளை.

மேடம் அளந்து பார்த்து, அவளைக் கூப்பிட்டார்.

"ஏழுல எடுத்தியா, எங்கேயாவது சாக்கடையில எடுத்தியா?"

"ஏழுதான் மேடம்."

"அரைப் புள்ளி காட்டுது. உன் வீட்டுக்காரர் கடைசியா எடுத்தப்போ நாலு புள்ளி மூணு. நடுவுல மூணு மாசம் யாரும் எடுக்கலை, சரி. அதுக்காக மூணு மாசத்துல நல்லா இருந்தது செத்தா போயிடும்?"

சொல்லிவிட்டு மேடம் கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார்.

"மத்த எட்டும் சரியா இருக்கு. ஏழுல மட்டும் ஏதோ தப்புப் பண்றே. புதுசு இல்லையா, பழகிடும்" என்றார்.

இரண்டாம் செவ்வாய், புள்ளி நாலு. மூன்றாம் செவ்வாய், புள்ளி ஆறு. நான்காம் செவ்வாய் மறுபடி அரை. மேடம் அந்த எண்களைப் பேனாவால் எழுதாமல் பென்சிலால் எழுதி, பக்கத்தில் 'புதிய ஆள், மறுபடி பார்க்க' என்று குறித்தார். அவள் வீட்டுச் சமையலறையில் ஒரு அண்டாவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, பாட்டிலை முக்கி மூடிப் பழகினாள். நாற்பது தடவை. ஒரு குமிழி இல்லை. எண்ணூறு சட்டை பார்த்த கைக்கு ஒரு பாட்டிலை மூடத் தெரியவில்லையா என்று அவளுக்கே அவமானமாக இருந்தது.

முதலில் தன்னைச் சந்தேகப்பட்டாள். பிறகு பாட்டிலை. வேறு பாட்டில் வாங்கிப் பார்த்தாள். பிறகு மருந்தை. புதுமருந்து கலந்து கொடுத்தார்கள், அதே வெள்ளை. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் நின்றது ஒரே ஆள். அந்த நினைப்பு ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் வந்தது.  பஸ் வந்தது, ஏறவில்லை. அவர் கீழே போகாமலேயே ஏதோ குழாயில் பிடித்துக்கொண்டு வந்திருப்பாரோ?

மறுநாள் மேடத்திடம் சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"ஏன் மேடம், குழாய்த் தண்ணியில இந்த டெஸ்ட் பண்ணா எவ்வளவு காட்டும்?"

மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீ எங்க வர்றேன்னு தெரியுது. நானும் யோசிச்சேன், ஒளிக்க மாட்டேன். ஆனா அவர் கொண்டு வந்தது கால்வாய்த் தண்ணிதான். நாத்தம் அதே நாத்தம். நிறம் அதே நிறம். உப்பு, அழுக்கு எல்லாம் ஆறாம் நம்பரோட ஒத்துப் போகும். ஆக்சிஜன் மட்டும் ஏறியிருக்கும்."

"அப்ப?"

"அப்பன்னா அப்பதான். எனக்கும் தெரியலை."

அதற்குப் பிறகு அவளுக்கு எதையும் ஒரு நேர்கோட்டில் யோசிக்க முடியவில்லை. அவர் பொய்யர் இல்லை, சரி. தண்ணீரும் பொய்யில்லை. அவளும் பிழை செய்யவில்லை. மூன்றும் சரி என்றால் மூன்றும் ஏன் ஒத்துப்போகவில்லை? வீட்டில் அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு, எதற்கு வைத்தோம் என்று நிற்பாள். இன்னொன்றும் இடையிடையே வந்து குத்தியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட கேள்வி. "எவ்வளவு நாளா மூச்சு வாங்குது இவருக்கு?" என்று கேட்டார். அவள், "இல்லையே டாக்டர், நேத்துவரைக்கும் நல்லா இருந்தாரே" என்றாள். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். அப்போது அவர் உயிரோடு இருந்தார். இன்னும் நான்கு மணி நேரம் இருந்தார்.

இதற்கிடையில் நாத்தனார் ஒரு நாள் சாயங்காலம் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். அவருக்கு ஒரே தங்கை. பூங்காத் துறையில் தட்டச்சு வேலை.

"அண்ணி! விஷயம் தெரியுமா? பாலத்துகிட்ட பெரிய பலகை வைக்கிறாங்க. அண்ணன் எடுத்த நம்பரையெல்லாம் கோடா வரைஞ்சு, பக்கத்துல அண்ணன் போட்டோ போடப் போறாங்களாம். எங்க இன்ஜினியர்தான் சொன்னார். 'இந்தக் கால்வாய் பொழைச்ச கதையைச் சொன்ன ஆள்'னு கீழ எழுதுவாங்களாம். நல்ல போட்டோவா ஒண்ணு எடுத்து வைங்க. அந்த ஆபீஸ் அட்டை போட்டோ வேண்டாம், அதுல திருடன் மாதிரி இருப்பான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எப்ப வைக்கிறாங்க?"

"மீன் விடுற அன்னிக்கு. இன்னும் பதினெட்டு நாள். என்ன அண்ணி, சந்தோஷமா இல்லையா?"

"இருக்கு" என்றாள்.

ஐந்தாம் செவ்வாய்க்கிழமை தூறல். பத்தொன்பதாம் படியில் பூட்ஸுக்குள் துணி மடங்கிக் கால் வழுக்கி, முட்டியில் அடி. எப்படியோ பாட்டிலை உடைக்காமல் நிரப்பிக்கொண்டு மேலே ஏறினாள். பாலத்தின் முனையில் ஒரு பஞ்சர் கடை. இரண்டு தகரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, சுவரில் மாட்டிய டயர்கள். கடைக்காரர் ஒரு முக்காலியைக் காலால் நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்கம்மா. ரத்தம் வருது பாருங்க. நாலு வாரமாப் பாக்கறேன், நீங்க ஏன் இந்தப் படியில இறங்கிச் சாகறீங்க? வாளி சார் வீட்டம்மாதானே நீங்க?"

"எந்த சார்?"

"வாளி சார். அதாம்மா, உங்க வீட்டுக்காரர். தவறினப்ப நான் கேள்விப்பட்டு ஆபீசுக்கு வந்தேன், உங்களைப் பாக்க முடியலை." அவர் டயர்களுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, ஒரு நீல பிளாஸ்டிக் வாளியை எடுத்தார். கைப்பிடியில் நீளமாகக் கயிறு சுற்றியிருந்தது. "இது அவரோடது. எடுத்துட்டுப் போங்க, எனக்கும் இடத்தை அடைக்குது. தூக்கிப் போட மனசு வரலை."

அவள் வாளியை வாங்கிக்கொள்ளாமல் பார்த்தாள்.

"இதை வெச்சு என்ன பண்ணுவார்?"

"என்ன பண்ணுவார், தண்ணி எடுப்பார். பாலத்து மேல நடுவுல நின்னு கயித்தை விட்டு மொண்டு இழுப்பார். பாட்டில்ல ஊத்துவார். முடிஞ்சது."

"படி இறங்க மாட்டாரா?"

"முன்னாடியெல்லாம் இறங்குவார். அப்புறம் ஒரு நாள் கீழ போனவர் ரொம்ப நேரம் வரலை. போய்ப் பாத்தா நடுப்படியில உக்காந்திருக்கார், மூஞ்சி சுண்ணாம்பாட்டம். நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். அடுத்த வாரம் வாளியோட வந்தார். 'என்ன சார், கிணத்துக்குக் கிளம்பிட்டீங்களா'ன்னு கேட்டேன். சிரிச்சார்."

"எப்ப இது?"

"இந்த நாணல் நட்டாங்களே, அதுக்குக் கொஞ்ச நாள் அப்புறம். ரெண்டு வருஷம் இருக்காது?"

ஜீப் பாலத்தின் அந்தப் பக்கம் நின்றிருந்தது. டிரைவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவதுபோல இருந்தார். அவள் வாளியோடு நடந்து வருவதைப் பார்த்ததும் துண்டை எடுத்தார். வாளியைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் தங்கச்சி."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"வீட்டுல சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டார். சத்தியம் எல்லாம் வாங்கலை, சும்மாதான் சொன்னார். அதனாலேயே மீற முடியலை." அவர் துண்டை மடித்தார், பிரித்தார். "வாளியில எடுத்தா என்ன, கையில எடுத்தா என்ன, அதே தண்ணிதானேன்னு நான் நினைச்சேன். இதுல இவ்வளவு சமாச்சாரம் இருக்குன்னு எனக்கென்ன தெரியும்? நான் எட்டாவது."

அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். சாப்பாட்டு மேசையை நனைத்த ஆளுக்குத் தெரியாமல் இருக்குமா?

அவர்கள் வீடு மூன்றாம் மாடியில். இரண்டே பேர், பிள்ளைகள் இல்லை. லிஃப்ட் கிடையாது. கடைசி இரண்டு வருடம் அவர் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று நின்றுதான் வருவார். முதல் திருப்பத்தில் மின்சார மீட்டரைப் பார்ப்பார். "மீட்டர் பாக்க வர்றவனுக்குக் கூட இவ்வளவு அக்கறை இருக்காது" என்று அவள் மேலே நின்று கத்துவாள். இரண்டாம் திருப்பத்தில் படியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டுவார். எப்போதும் லேஸ் அவிழ்ந்திருக்கும். ஆண்களுக்கு ஒரு முடிச்சுக்கூட ஒழுங்காகப் போட வராதா என்று அவள் அலுத்துக்கொள்வாள். அலுத்துப்போய் அவர் பிறந்தநாளைக்கு லேஸ் இல்லாத ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முழித்த முழி இருக்கிறதே! "பிடிக்கலையா?" என்று கேட்டாள். "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். ஒரு நாள் போட்டார். மறுநாள் பழைய ஷூவில் லேஸ் அவிழ்ந்து தொங்க வந்தார். அவள் இரண்டு நாள் பேசவில்லை.

இதெல்லாம் அன்றைக்குச் சாயங்காலம் அவள் மாடியேறும்போது ஒவ்வொரு திருப்பமாக ஞாபகம் வந்தது. மின்சார மீட்டர் முன்னால் நின்றாள். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

ஆறாம் செவ்வாய்க்கிழமை ஏழாம் நம்பருக்கு மூன்று பாட்டில் கொண்டுபோனாள். ஒன்றைக் கடைசிப் படியில் முறைப்படி நிரப்பினாள். அடுத்தது, பாலத்தின் நடுவில் நின்று வாளியை இறக்கி இழுத்து, தரையில் மண்டியிட்டுக் குனிந்து ஊற்றினாள். வாளி மேலே வருவதற்குள் தண்ணீர் தளும்பி, கம்பியில் மோதி, நுரை கட்டியது. பிறகு, ஏன் என்று யோசிக்காமலே, மூன்றாவது பாட்டிலைக் கைப்பிடிச் சுவரின் அடியில் வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்றபடி மேலிருந்து ஊற்றினாள். மூச்சு வாங்குகிற ஆள் குனிய மாட்டாரே.

மருந்து விட்டாள். முதல் பாட்டில் வெள்ளை. இரண்டாவது இளம் பழுப்பு. மூன்றாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தேன் நிறம்.

மேடம் மூன்றையும் அளந்தார். அரை. மூன்று புள்ளி ஒன்று. மூன்று புள்ளி ஒன்பது.  பிறகு பழைய பதிவேட்டை எடுத்து வந்து பிரித்தார். 'எடுத்த இடம்' என்ற கட்டத்தில், ஒவ்வொரு வாரமும், அவருடைய சாய்ந்த கையெழுத்தில் 'கடைசிப் படி' என்று இருந்தது. ஏறத்தாழ நூறு வாரம்.

"நாணல் வேலை செய்யுதுன்னு நான்தான் முதல்ல சொன்னேன்" என்றார் மேடம். "ரெண்டு புள்ளி ஒன்பது வந்த அன்னிக்கு எழுந்து வெளியே வந்து எல்லாருக்கும் சொன்னேன். ஆபீசே கை தட்டுச்சு. அவர் அங்கதான் நின்னுட்டிருந்தார், அந்தக் கதவுகிட்ட."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. தலைவலின்னு சீக்கிரம் கிளம்பிட்டார்."

அவள் பதிவேட்டில் அந்தத் தேதியைப் பார்த்தாள். அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று யோசித்தாள். எதுவும் ஞாபகம் வரவில்லை. சாதாரண வாரம். அவர் தலைவலி என்று படுத்தாரா, அவள் தைலம் கொடுத்தாளா, ஒன்றும் நினைவில்லை. பார்த்துக்கொண்டே இருந்ததில் இன்னொன்றும் கண்ணில் பட்டது: அந்தத் தேதிக்குப் பிறகு எண் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியிருந்தது. முதலில் குனிந்து ஊற்றியிருப்பார். பிறகு அரைகுறையாக. பிறகு நிமிர்ந்து. ஊரார் கால்வாய் பிழைத்த கோடு என்று பார்த்துச் சந்தோஷப்பட்டதில் அவருடைய நெஞ்சு கெட்டுக்கொண்டு வந்தது வாரம் தவறாமல் பதிவாகியிருந்தது. டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே இருந்தது. தொண்ணூற்று ஏழு வாரம், டாக்டர்.

"மூணு புள்ளி ஒன்பதுதான் வருது, மேடம். அவருக்கு நாலு புள்ளி மூணு. மீதி புள்ளி நாலு எங்கேருந்து வந்தது?"

"குளிரா இருந்திருக்கலாம். வாளி ரெண்டு தடவை இடிச்சிருக்கலாம். கால்வாயே கொஞ்சம் நல்லா இருந்திருக்கலாம். அதெல்லாம் இப்பக் கண்டுபிடிக்க முடியாதும்மா."

"ஒருவேளை வேணும்னே..."

"தெரியாது" என்றார் மேடம். "உனக்கும் தெரியாது. விடு."

விட முடியவில்லை. வேலையிலிருந்து மாற்றிவிடுவார்கள் என்று பயந்தாரா? அவளிடம் சொல்ல வேண்டி வருமே என்று பயந்தாரா? கை தட்டின மறுவாரம், போன வாரம் தப்பு என்று எப்படிச் சொல்வது என்று தயங்கியே நூறு வாரம் போய்விட்டதா? ஒவ்வொன்றும் அவர் செய்யக்கூடியதுதான் என்று தோன்றியது. ஒவ்வொன்றும் அவர் செய்யவே மாட்டார் என்றும் தோன்றியது.

மேடம் கடிதம் எழுதுவதாகச் சொன்னார். ஆனால் கடிதம் ஒவ்வொரு மேசையாக நகர்ந்து போய்ச் சேர்வதற்குள் மீன் விட்டுவிடுவார்கள் என்றும் அவரே சொன்னார். பூங்காத் துறை இன்ஜினியர் வியாழக்கிழமை பாலத்துக்கு வருகிறார், பலகைக்கு இடம் பார்க்க.

"நீ போய் வாயால சொல்றியா, வேண்டாமா, அது உன் இஷ்டம். போட்டோல இருக்கிறது உன் வீட்டுக்காரர். நான் சொல்லு, சொல்லாதேன்னு சொல்ல மாட்டேன்."

வியாழக்கிழமை காலை வரை அவளுக்குத் தீர்மானம் இல்லை. பையில் இரண்டும் இருந்தன. நாத்தனாருக்காக எடுத்து வைத்த போட்டோ. அதில் அவர் திருடன் மாதிரி இல்லாமல், யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம், இரண்டு பாட்டிலும் மருந்தும்.

இன்ஜினியர் நல்ல மனிதர். நாத்தனாரும் கூட வந்திருந்தாள். அவர் இரண்டு கையாலும் காற்றில் கட்டம் போட்டுக் காட்டினார். "இங்கேருந்து இங்க வரைக்கும் பலகைம்மா. வர்றவங்க முதல்ல உங்க சாரைத்தான் பாப்பாங்க. போட்டோ கொண்டு வந்தீங்களா?"

அவள் பைக்குள் கையை விட்டாள். வெளியே வந்தது பாட்டில். அதைத் தீர்மானம் என்று சொல்ல முடியாது. கைக்கு எது முதலில் தட்டுப்பட்டதோ அது.

"ஒரு பத்து நிமிஷம் இருங்க சார்" என்றாள்.

முப்பத்திரண்டு படி இறங்கி ஒன்றை நிரப்பிக்கொண்டு வந்தாள். பஞ்சர் கடைக்காரர் சொல்லாமலேயே வந்து வாளியை இழுத்துக் கொடுத்தார். இன்னொன்றை நின்றபடி ஊற்றினாள். இரண்டிலும் மருந்து விட்டு, குலுக்கி, கைப்பிடிச் சுவர் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வெள்ளை, தேன் நிறம். நடந்ததைச் சொன்னாள். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. ஷூ லேஸை எல்லாம் இழுத்துவிட்டு, அது இதற்கு எதற்கு என்று நிறுத்தி, மறுபடி நாணலிலிருந்து ஆரம்பித்தாள்.

இன்ஜினியர் இரண்டு பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் புரியலை. இதுவும் இதே தண்ணி, அதுவும் இதே தண்ணி. இதுல எதும்மா சரி?"

"மீன் கீழதானே சார் இருக்கப் போகுது" என்றாள். "வாளியில இல்லையே."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கீழே நாணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு, யாரிடமோ, "அந்த மீன் வண்டியை நிறுத்தச் சொல்லு. ஆமா, எல்லாத்தையும்" என்று சொல்லிக்கொண்டே பாலத்தின் மறுமுனைக்கு நடந்தார்.

நாத்தனார் அங்கேயே நின்றாள். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"அண்ணனைப் பொய்க்காரனாக்கிட்டீங்களே, அண்ணி."

"ஆமா" என்றாள் அவள். பிறகு, "இல்லைன்னும் தோணுது. எனக்கே தெரியலை, கண்ணு. அவனுக்கு முடியாமப் போனது உனக்குத் தெரியுமா?" கேட்ட பிறகுதான் தான் அவரை 'அவன்' என்று சொன்னது உறைத்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவையும் சொன்னதில்லை.

நாத்தனார் தலையை ஆட்டினாள், தெரியாது என்று.  சிறிது நேரம் கழித்து நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "அந்த போட்டோவையாவது எனக்குத் தாங்க. வீட்டுல மாட்டிக்கறேன்." கொடுத்தாள்.

மீன் விடவில்லை. பலகையும் வைக்கவில்லை. நாணலுக்கு மேலே எங்கோ இன்னும் ஒரு சாக்கடை ரகசியமாகச் சேர்கிறது என்று தேடத் தொடங்கியிருக்கிறார்கள். பதிவேட்டில் அந்த நூறு வாரத்தையும் மேடம் அடிக்கவில்லை. 'கடைசிப் படி' என்பதன் பக்கத்தில் சிவப்பு மையால் 'பாலத்தின் மேலிருந்து, வாளியில்' என்று ஒவ்வொன்றாக எழுதச் சொன்னார். அவள் எழுதினாள். இரண்டு நாள் ஆயிற்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை பென்சில் இல்லாமல் பேனாவால் பதிவான முதல் எண், புள்ளி ஐந்து. அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் மேலே ஏறி வந்தபோது, நடுப்படியில் நின்றாள். இங்கேதான் உட்கார்ந்திருப்பார். இந்தப் படியா, அடுத்ததா? பஞ்சர் கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

மேலேயிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, என்ன ஆச்சு? உடம்புக்கு ஏதும்...?"

"ஒண்ணுமில்லைண்ணே. லேஸ் கட்டறேன்."

"பூட்ஸுக்கு ஏது லேஸ்?"

அவள் கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, மிச்சமிருந்த படிகளை எண்ணிக்கொண்டே ஏறினாள்.